கேள்வி பதில்: எரிப்பதா, புதைப்பதா, யாரிடம் சொல்லி வைப்பது?

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் பல ஊர்களில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இறப்பைப் பதிய வந்தவர்கள் என் மேசை முன்னால் உட்கார்ந்து, ‘இப்படிச் செய்திருக்கலாமே’ என்று கலங்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒத்துக்கொண்டேன்.

கருங்கலிலிருந்து ஒரு அக்கா: எங்கள் வீட்டுக்காரர், ‘என்னை வீட்டு வளாகத்திலேயே அடக்கம் செய்யணும்’ என்கிறார். சொந்த நிலம்தானே, செய்யலாமா?

அக்கா, நம் மாவட்டத்தில் இது பழைய வழக்கம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள். வீட்டு முற்றத்தின் தெற்கு மூலையில் மாமரம் வெட்டி, கதம்பையும் (தேங்காய் மட்டை) சிரட்டையும் அடுக்கி எரித்த வீடுகள் எத்தனையோ உண்டு. ரப்பர் தோட்டத்து ஓரத்தில் தாத்தா, பாட்டி கல்லறைகள் வரிசையாக நிற்பதும் நமக்குப் புதிதில்லை.

ஆனால் வழக்கம் வேறு, சட்டம் வேறு. ஊராட்சிப் பகுதியில் உரிமம் பெற்ற, அல்லது மயானமாகப் பதிவான இடத்தில்தான் அடக்கம் செய்யலாம். சொந்தப் பட்டா நிலம் என்பது மட்டும் போதாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வே 2023-ல் இதைத் தெளிவாக்கிவிட்டது. குடியிருப்புக்கும் குடிநீர் எடுக்கும் இடத்துக்கும் 90 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் விதி. நம் ஊரில் வீட்டுக்கு ஒரு கிணறு. நாலு பக்கமும் 90 மீட்டர் விட்டால் எத்தனை வளாகத்தில் இடம் மிஞ்சும், சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தால், புதைத்த உடலைத் தோண்டி எடுக்கும் நிலை வரும். அந்த வேதனை யாருக்கும் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் நன்றாக இருக்கும்போதே ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். முடியாது என்றால் அதை அவரே தெரிந்துகொள்ளட்டும். அப்புறம் இரண்டாவது விருப்பம் என்ன என்று கேட்டு வையுங்கள்.

நாகர்கோவில் தம்பி: மாமா எரிவாயு தகன மேடை போதும் என்கிறார். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

புளியடியில் இருக்கிறதே, அது வசதிதான். விறகு வேண்டாம், மழைக்காலத்தில் பயமில்லை, ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் கொடுத்த சான்றும், ஆதார் நகலும் கையில் இருக்கட்டும்.

முக்கியமான ஒன்று: மாமாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்திருக்கிறதா? இருந்தால் எரிப்பதற்கு முன் அதை எடுத்தே ஆக வேண்டும். சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும். மேடையில் வேலை செய்கிறவர்களும் நம் பிள்ளைகள்தானே. மருத்துவமனையில் இறந்தால் அங்கேயே சொல்லி எடுத்துவிடலாம்.

தக்கலையிலிருந்து ஓர் ஆசிரியர்: என் விருப்பத்தை உயிலில் எழுதிவிட்டேன். போதும்தானே அண்ணாச்சி?

போதாது சார். உயிலைப் பெரும்பாலும் பதினாறாம் நாள் விசேஷம் கழிந்துதான் பிரிக்கிறார்கள். நீங்கள் சொன்னது தெரியும்போது சாம்பல் கரைத்து நாளாகியிருக்கும்.

என் அப்பா விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அவர் இறந்தது அதிகாலை நாலு மணிக்கு. ஆறு மணிக்குள் ஐஸ் பெட்டி வந்துவிட்டது, பந்தல்காரர் வந்துவிட்டார், உடலைக் குளிப்பாட்ட நீர் எடுத்து வரும் நீர்மாலைக்கு ஆள் தயார். நான் தம்பியோடு நின்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். விசேஷம் முடிந்து பால்காரருக்குக் கணக்குத் தீர்க்க, அப்பாவின் பால் கணக்கு நோட்டை எடுத்தேன். அரை லிட்டர், அரை லிட்டர் என்று வரிசையாக எழுதி வந்தவர், ஒரு மாதக் கூட்டலுக்குக் கீழே அதே நீல மையில் எழுதியிருந்தார்: ‘என் கண் இரண்டையும் கொடுத்துவிடவும். மேளம் வேண்டாம்.’ கண்ணை இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மேளமோ மயானம் வரைக்கும் அடித்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் அந்த நோட்டை என்னால் தூக்கிப் போட முடியவில்லை.

ஆகவே சார், எழுதுங்கள், வீட்டில் இரண்டு பேரிடமாவது வாயாலும் சொல்லுங்கள். சொல்லப்போனால் வாயால் சொல்வதுதான் வேலை செய்யும். உயில் எழுதியதும் வீணில்லை. செலவு விஷயத்தில் கவலையே வேண்டாம். இறுதிச் சடங்குக்கான நியாயமான செலவை மற்ற எல்லாக் கடனுக்கும் முன்னால் சொத்திலிருந்து எடுக்கலாம் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவே சொல்கிறது.

அதற்குத் தொடர்ச்சியாக அவரே: கண் கொடுப்பதென்றால் வீட்டில் என்ன செய்து வைக்க வேண்டும்?

உடனே கண் வங்கிக்குப் போன் பண்ணுங்கள். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தலைக்குக் கீழே தலையணை கொடுத்துச் சற்று உயர்த்துங்கள். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, கண்புரை அறுவை செய்தவர் எல்லோரும் கொடுக்கலாம். முகம் கெட்டுப்போகாது, பார்க்க வருகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

முளகுமூட்டிலிருந்து ஒரு அம்மா: நாங்கள் கத்தோலிக்கர்கள். எரிக்கச் சொன்னால் பாவமா?

இல்லை அம்மா. 1963-லேயே திருச்சபை அதை அனுமதித்துவிட்டது. ஆனாலும் அடக்கம் செய்வதைத்தான் அது பெரிதும் விரும்புகிறது. எரித்தால் சாம்பலைக் கடலிலோ ஆற்றிலோ தூவக்கூடாது, பிரித்துப் பங்கு வைக்கக்கூடாது, கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-ல் ரோமிலிருந்து அறிவுறுத்தல் வந்தது. அப்படி வைத்தால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் பிள்ளைகள் மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் இடம் இருக்கும். பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தங்கை: கடலில் போன என் அண்ணன் உடல் கிடைக்கவே இல்லை. கல்லறை கட்டலாமா?

கட்டலாம் தங்கச்சி. பெயர் பொறித்த கல் வைப்பதற்கு உடல் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பங்குக் கோயிலில் இடம் கேட்டுப் பாருங்கள். 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு நம் கரையில் எத்தனை வீட்டில் படத்துக்கு மட்டும் மாலை போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா. பொதுவான சட்டப்படி, ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் இறந்ததாகக் கருதுவார்கள். அதற்கு முதலில் காவல் நிலையத்தில் காணவில்லை என்று பதிவாகியிருக்க வேண்டும். அந்த நகலைப் பத்திரமாக வையுங்கள்.

ஒரு கல்லூரி மாணவி: என் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் மக்கா. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் கேளுங்கள். விபத்து, தற்கொலை என்று பிரேதப் பரிசோதனை செய்த உடலை எடுக்க மாட்டார்கள், சில தொற்றுநோய்கள் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். நீ கையெழுத்துப் போட்டிருந்தாலும் அன்று வீட்டார் மறுத்தால் நடக்காது. அதனால் அப்பா அம்மாவிடம் இப்போதே பேசு.

திருவிதாங்கோட்டிலிருந்து ஒரு சகோதரர்: என் மகன் துபாயில். ‘அவனுக்காக மய்யித்தை (உடலை) காக்க வைக்காதீங்க’ என்கிறார் வாப்பா.

வாப்பா சொல்வது மார்க்க வழக்கமும்கூட. இதை அவர் வாயாலேயே பேரனிடம் போனில் சொல்லச் சொல்லுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு ‘எனக்காக ஏன் வைக்கலை’ என்று உங்கள் மேல்தான் வருத்தப்படுவான்.

சுசீந்திரம் அக்கா: எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை. மகள் கொள்ளி வைக்கலாமா?

தாராளமாக. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உறவில் யாராவது எதிர்ப்பார்கள் என்று நினைத்தால், அவர்கள் முன்னாலேயே ஒருநாள் சொல்லி வைத்துவிடுங்கள். சாம்பலைக் கன்னியாகுமரி சங்கமத்தில் கரைக்கவும் மகளே போகலாம். 1948-ல் காந்தியின் அஸ்தியைக் கரைத்த அதே கடல்தான்.

சாமிதோப்புப் பக்கம் ஒருவர்: வடக்கு பார்த்து உட்கார வைத்து அடக்கம் செய்வது எங்கள் அய்யாவழி முறை. மருமகளுக்குத் தெரியாது.

பெட்டி கூடாது, எரிக்கக் கூடாது, நாமம் இட வேண்டும் என்பதையெல்லாம் சேர்த்து எழுதிக் கொடுங்கள். உடல் விறைத்துவிட்டால் உட்கார வைப்பது கஷ்டம், சீக்கிரமே செய்ய வேண்டும் என்பதையும் மருமகளிடம் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் தம்பி: அம்மாவிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? வாய் வரவில்லை.

துக்கம் விசாரிக்கக் கேத வீட்டுக்குப் போய்விட்டு வந்து, குளித்து, கட்டங்காப்பி குடிக்க உட்காரும் நேரம் இருக்கிறதே, அப்போது கேளுங்கள். அந்த நேரத்தில் அம்மாக்கள் தாங்களாகவே பேசுவார்கள். ‘எதுக்கு இவ்வளவு மாலை’, ‘பெட்டியைச் சீக்கிரம் மூடிட்டாங்களே’ என்பார்கள். ‘உங்களுக்கு எப்படி வேணும்மா?’ என்று மெதுவாகக் கேட்டால் போதும். சொன்னதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி, ஆதார் அட்டையோடு சேர்த்து வையுங்கள். ஆள் போன வீட்டில் முதலில் தேடுவது அந்த அட்டையைத்தான்.