புரதம் டி.என்.ஏ.வைப் பிடிப்பதும் விடுவதும்: நெல்லைப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரு மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது சும்மா கிடக்க வேண்டும் என்பதைப் புரதங்கள் எப்படி முடிவு செய்கின்றன என்று கேட்டு வந்தவை இவை. பெரும்பாலும் ஆய்வுக்கூடக் கேள்விகள். வயலிலிருந்து ஒன்று, ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்று.

பாளையங்கோட்டை, பி.எஸ்சி. மாணவர்: அண்ணாச்சி, ஈ.கோலை செல்லுல 46 லட்சம் கார இணை இருக்கு. லாக் ரெப்ரஸர் பத்துப் பதினஞ்சுதான் இருக்காம். இத்தனை எழுத்துக்குள்ள அது தன்னோட ஆபரேட்டரை எப்பிடிக் கண்டுபிடிக்கு?

பதில்: லாக் ரெப்ரஸர் என்பது லாக்டோஸ் மரபணுக்களை அடக்கி வைக்கும் புரதம், ஆபரேட்டர் என்பது டி.என்.ஏ.வில் அது உட்காரும் இடம், கார இணை என்பது டி.என்.ஏ.வின் ஒரு எழுத்து. முதலில் கணக்கைப் பாருங்க தம்பி. ஈ.கோலை செல்லின் கொள்ளளவு சுமார் ஒரு ஃபெம்டோலிட்டர். அதற்குள் ஒரே ஒரு மூலக்கூறு இருந்தாலும் செறிவு 1.7 நானோமோலார் வந்துவிடும். பத்து இருந்தால் 17. ரெப்ரஸர் ஆபரேட்டரைப் பிடிப்பதோ பிகோமோலார் (நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில். அதனால் எண்ணிக்கை குறைவு என்பது பிரச்சினையே இல்லை.

பிரச்சினை மற்ற 46 லட்சம் இடங்கள்தான். ரெப்ரஸரில் உள்ள லைசினும் ஆர்ஜினினும் நேர் மின்சுமை உடையவை, எந்த டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டிலும் லேசாக ஒட்டும். ஆனால் தேடலுக்குக் கைகொடுப்பதும் அந்த லேசான ஒட்டல்தான். ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவோடு கொஞ்ச தூரம் விசாரித்து நடந்து, இல்லையென்றால் அடுத்த பஸ் ஏறுகிற மாதிரி, புரதம் ஓரிடத்தில் ஒட்டி, சுமார் 45 கார இணை தூரம் வழுக்கி, விட்டுவிட்டு வேறிடத்துக்குத் தாவுகிறது. உப்பு குறைந்த பஃபரில் 1970-ல் அளந்தபோது சேரும் வேகம் ஒரு மோலாருக்கு ஒரு விநாடிக்கு 700 கோடி என்று வந்தது. சும்மா மிதந்து மோதினால் இந்த வேகம் வராது.

பாடப் புத்தகம் ஒரே ஒரு ஆபரேட்டரை வரைந்து விட்டுவிடும். அசலில் மூன்று உண்டு. முதன்மையானதிலிருந்து 401 கார இணை கீழே ஒன்று, 92 மேலே ஒன்று. ரெப்ரஸர் நான்கு அலகு சேர்ந்த புரதம். ஒரே சமயத்தில் இரண்டு ஆபரேட்டரைப் பிடித்து நடுவில் உள்ள டி.என்.ஏ.வை வளையமாக்கிவிடும். துணை ஆபரேட்டர் இரண்டையும் அழித்துவிட்டால் 1300 மடங்காக இருந்த மரபணு அடக்கம் சுமார் 18 மடங்காகச் சரிந்துவிடும். முதன்மை ஆபரேட்டரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்க.

தென்காசி, ஆராய்ச்சி மாணவி: ஜெல் ஷிஃப்ட் பண்ணுதேன் அண்ணாச்சி. ஜிங்க் ஃபிங்கர் புரதம், 30 கார இணை ப்ரோப். சில சமயம் ஒண்ணுமே மேல ஏறல. சில சமயம் எல்லாம் குழியிலயே உக்காந்திருக்கு. எங்க தப்பு?

பதில்: ஜெல் ஷிஃப்ட் என்பது, குறியிட்ட டி.என்.ஏ. துண்டில் (ப்ரோப்) புரதம் ஒட்டினால் அது ஜெல்லில் மெதுவாக நகர்ந்து மேலே நிற்பதைப் பார்க்கும் சோதனை. நீங்க சொன்ன இரண்டும் வேறு வேறு கோளாறு தங்கச்சி.

ஒன்றுமே ஏறவில்லை என்றால் முதலில் பஃபரில் உலோக அயனிகளைப் பிடிக்கும் இ.டி.டி.ஏ. இருக்கிறதா என்று பாருங்க. ஜிங்க் ஃபிங்கர் மடிந்து நிற்பதே துத்தநாக அயனியால்தான். வழக்கமான அரை மடங்கு டி.பி.இ. பஃபரில் 1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. கிடக்கும், ஜெல் ஓட ஓட அது துத்தநாகத்தைப் பிடுங்கிவிடும். இ.டி.டி.ஏ. இல்லாத டிரிஸ்-போரேட்டுக்கு மாறுங்க. சேர்க்கைக் கலவை 20 மைக்ரோலிட்டர் போதும்: டிரிஸ் 10 மில்லிமோலார் (பி.எச். 7.5), பொட்டாசியம் குளோரைடு 50 மில்லிமோலார், டி.டி.டி. 1 மில்லிமோலார், துத்தநாக குளோரைடு 10 மைக்ரோமோலார், கிளிசரால் 5 சதவீதம். புரதத்தை நிக்கல் தூணிலிருந்து இறக்கிய பஃபரோடு அப்படியே ஊற்றினால் அதிலுள்ள 300 மில்லிமோலார் உப்பும் சேர்ந்து வரும். பாஸ்பேட்டோடு உள்ள மின்பிடிப்பை அது தளர்த்திவிடும். டயாலிசிஸ் செய்து உப்பைக் குறைத்துவிட்டுப் போடுங்க.

குழியிலேயே நிற்பது என்றால் ஒன்று புரதம் திரண்டிருக்கிறது, அல்லது கண்ட டி.என்.ஏ.விலும் ஒட்டிக் கட்டியாகிறது. கலக்குவதற்கு முன் குளிர்ச்சியில் 15,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுற்றி, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுங்க. கண்டபடி ஒட்டுவதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் போலி டி.என்.ஏ.வான பாலி டி.ஐ.-டி.சி.யை மைக்ரோலிட்டருக்கு 50 நானோகிராம் அளவில் புரதத்தோடு முதலில் சேர்த்து 10 நிமிடம் வைக்கணும். ப்ரோப் அதற்கப்புறம்தான், இன்னும் 20 நிமிடம். வரிசை மாறினால் பலன் மாறும்.

ஜெல் 6 சதவீதம். 100 வோல்ட்டில் முன்னோட்டம் 30 முதல் 60 நிமிடம் கட்டாயம். மிச்சமிருக்கும் பெர்சல்ஃபேட் அப்போதுதான் வெளியேறும், இல்லையென்றால் புரதத்தை ஆக்சிஜனேற்றம் செய்யும். ஓட்டம் 4 டிகிரியில். புரோமோஃபீனால் நீலத்தை மாதிரியில் கலக்காதீங்க, சில புரதங்களின் பிடியை அது தளர்த்தும். ஓரத்துக் குழியில் தனியாக விடுங்க. பட்டைக்குக் கீழே நீளமாக இழுவல் தெரிந்தால் ஒட்டியது ஓட்டத்திலேயே கழன்றிருக்கிறது. ஜெல்லைச் சின்னதாக்கி நேரத்தைக் குறைங்க.

குறியிடாத அதே ப்ரோப் 100 மடங்கு போட்டால் ஷிஃப்ட் மறையணும். இரண்டு மூன்று எழுத்து மாற்றியதை 100 மடங்கு போட்டால் மறையக் கூடாது. இந்த இரண்டு குழியும் இல்லாத ஜெல்லை வைத்து எந்த முடிவும் எழுதாதீங்க.

அதே மாணவி: பிரிகை மாறிலி எப்ப அளந்தாலும் 10 நானோமோலார்தான் வருது. ப்ரோப் 20 நானோமோலார் போடுதேன்.

பதில்: பிரிகை மாறிலி என்பது பாதி ப்ரோப் பிடிபடும்போது ஒட்டாமல் தனித்து நிற்கும் புரதத்தின் செறிவு, அது குறைந்தால் பிடி இறுக்கம். உங்களுக்குக் கிடைத்தது ப்ரோப்பில் பாதி, அவ்வளவுதான். பாதி ப்ரோப் பிடிபடத் தேவையான மொத்தப் புரதம் என்பது பிரிகை மாறிலியோடு ப்ரோப்பில் பாதியைக் கூட்டியது. 20 போட்டால், பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் 10-க்குக் கீழே இறங்காது. ப்ரோப்பை 0.1 நானோமோலாருக்குக் குறைங்க. நேரத்தையும் கவனியுங்க: மாறிலி 10 பிகோமோலார், சேரும் வேகம் ஒரு மோலாருக்கு ஒரு விநாடிக்கு 10 கோடி என்றால், பிரியும் அரை ஆயுள் சுமார் பதினொன்றரை நிமிடம். சமநிலை வர ஒரு மணி நேரம் ஆகும். 20 நிமிடத்தில் எடுத்தால் பிடி உண்மையைவிடத் தளர்வாகத் தெரியும்.

ஸ்ரீவைகுண்டம், விவசாயி: 2023 டிசம்பர் வெள்ளத்துல பிசான நடவு பூரா முங்கிப் போச்சு. சப்1 நெல்லு தண்ணிக்குள்ள தாங்கும்ங்காவ. அதுல அப்பிடி என்ன இருக்கு?

பதில்: ஒரு புரதம், அய்யா. சாதாரண நெல் முங்கினால் மூச்சுக்காக மேலே எட்டப் பார்க்கும். தண்ணீருக்குள் வெளியேற வழியின்றி எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் சேரும், ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் வேலை கூடும், தண்டு நீளும். நீளுவதற்குக் கையிருப்பு மாவுச்சத்து தீர்ந்துவிடும். தண்ணீர் வடியும்போது பயிர் படுத்துவிடும்.

ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய ரகத்திலிருந்து எடுத்து 2006-ல் அடையாளம் கண்ட சப்1ஏ, டி.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதங்களில் ஒன்று. அதே எத்திலீன்தான் இதையும் எழுப்புகிறது. எழும்பியதும் எஸ்.எல்.ஆர்.1 என்ற இன்னொரு புரதத்தின் அளவு கூடும். எஸ்.எல்.ஆர்.1 நேரடியாக டி.என்.ஏ.வைத் தேடிப் பிடிப்பதில்லை. வளர்ச்சி மரபணுக்களைத் தூண்டுகிற புரதங்களைப் பிடித்துக்கொண்டு அவற்றை டி.என்.ஏ. பக்கம் விடாது. வழக்கமாக ஜிப்பரெலின் வந்தால் ஜி.ஐ.டி.1 என்ற ஏற்பி எஸ்.எல்.ஆர்.1-ஐப் பிடித்துக்கொடுத்து, செல்லின் கழிவு இயந்திரம் அதைச் சிதைத்துவிடும். சப்1ஏ உள்ள பயிரில் எஸ்.எல்.ஆர்.1 நிறைய இருப்பதால் பயிர் நீளாமல் சத்தைக் காத்து அப்படியே கிடக்கும். 1966-ல் வந்த ஐ.ஆர்.8 குட்டையாக நிற்பதும் இதே பாதையில்தான். அதில் ஜிப்பரெலின் தயாரிக்கும் நொதி பழுது.

இனி வயல் கணக்கு. நட்டு வேர் பிடித்த இளம் பயிர் முழுக்க முங்கினால் சுமார் இரண்டு வாரம் தாங்கும். பூக்கும் பருவத்தில் முங்கினால் இது காப்பாற்றாது. முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் வயலுக்கும், மணல் மூடிய வயலுக்கும் இது மருந்து இல்லை. தமிழ்நாட்டில் சி.ஆர்.1009 சப்1 உண்டு, ஆனால் அது நீண்ட கால ரகம். அணை திறக்கிற, அடைக்கிற தேதியோடு ஒத்துவருமா என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டுவிட்டு விதை வாங்குங்க.

வள்ளியூர், செவிலியர்: குறைமாசப் பிரசவம் ஆகும்னு தெரிஞ்சா தாய்க்கு பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம், 24 மணி நேர இடைவெளியில ரெண்டு ஊசி போடுதோம். ரத்தத்துல சீக்கிரமே கலந்துருதே, முழுப் பலன் வர ஏன் ஒரு நாள் ஆகுது?

பதில்: பீட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அது செல்லுக்குள் போய் ஏற்பியைப் பிடிக்க நிமிடங்களே போதும். ஏற்பி, எச்.எஸ்.பி.90 என்ற துணைப் புரதத்தின் அணைப்பிலிருந்து விடுபட்டு உட்கருவுக்குள் நுழைந்து, ஜோடியாகி, டி.என்.ஏ.வில் 15 எழுத்து நீள இடத்தில் உட்காரும்: ஏஜிஏஏசிஏ, மூன்று எழுத்து இடைவெளி, டிஜிடிடிசிடி. உட்கார்வதும் சில விநாடிக்குத்தான். ஒன்று எழும், இன்னொன்று வரும். தாமதம் அதற்கப்புறம். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதம் தளர்ந்து, ஆர்.என்.ஏ. எழுதி, வெட்டி ஒட்டி, புரதமாகி, குழந்தையின் நுரையீரல் செல்கள் சர்ஃபாக்டன்ட் (காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள்) தயாரித்துச் சேர்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு முன்பும் ஓரளவு பலன் உண்டு என்பதால், பிரசவம் சீக்கிரம் ஆகிவிடும் போலிருந்தாலும் முதல் ஊசியைத் தவிர்ப்பதில்லை. மற்றபடி மருத்துவர் சொல்லே முடிவு.

சங்கரன்கோவில், எம்.எஸ்சி. மாணவர்: என் மரபணுவோட புரமோட்டர் 1500 எழுத்து. அதுல சிஏசிஜிடிஜி இருக்கு. அப்ப மைக்2 புரதம் அங்க ஒட்டும்னு எழுதலாமா?

பதில்: எழுதாதீங்க தம்பி. புரமோட்டர் என்பது மரபணுவுக்கு முன்னால் இருந்து அதை இயக்கும் பகுதி, மைக்2 என்பது சிஏசிஜிடிஜி வரிசையில் ஒட்டும் செடிப் புரதம். ஆறெழுத்து வரிசை சராசரியாக 4096 எழுத்துக்கு ஒரு முறை தானாகவே வரும். 1500 எழுத்தில் தற்செயலாகவே தட்டுப்பட சுமார் 30 சதவீத வாய்ப்பு. நெல் மரபுத்தொகுதி முழுக்க எடுத்தால் 90 ஆயிரத்துக்கு மேல் வரும். பெரும்பாலானவை ஹிஸ்டோன் உருளையைச் சுற்றிய நியூக்ளியோசோமுக்குள் மூடிக் கிடக்கும். நடுவில் உள்ள சிஜி-யில் மெத்தில் ஏறியிருந்தால் அந்த வகைப் புரதம் பலவற்றின் பிடி குறையும். இடம் திறந்தே இருந்தாலும், ஜாஸ்மோனேட் என்ற செடி ஹார்மோன் வராத நேரத்தில் ஜாஸ் புரதம் மைக்2-ஐப் பிடித்து அமுக்கி வைத்திருக்கும். ஒட்டியிருந்தும் வேலை நடக்காது.

நாங்குநேரி, ஆராய்ச்சி மாணவர்: ரெண்டு புரதம் கோ-ஐ.பி.யில சேர்ந்து வருது. ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிக்குன்னு சொல்லலாம்லா?

பதில்: கோ-ஐ.பி. என்பது ஆன்டிபாடியால் ஒரு புரதத்தை இழுத்து, கூட எது வருகிறது என்று பார்ப்பது. இரண்டுமே டி.என்.ஏ.வில் ஒட்டுபவை என்றால் பொறுங்க. ஒரே துண்டு டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சேர்ந்துதான் வரும். சாற்றில் பென்சோனேஸ் போட்டு (மக்னீசியம் 1 முதல் 2 மில்லிமோலார் வேணும், இ.டி.டி.ஏ. கூடாது) டி.என்.ஏ.வைத் துண்டாக்கிவிட்டுத் திரும்பப் பாருங்க. அப்போதும் வந்தால் பேசலாம். கழுவ 150 மில்லிமோலார் உப்பு, 0.5 சதவீதம் என்.பி.-40 போதும், ரிபா பஃபர் தளர்ந்த பிடிப்பை அறுத்துவிடும்.

திருநெல்வேலி டவுன், ஆராய்ச்சி மாணவி: நெல் இலையில சிப் செஞ்சு கியூ.பி.சி.ஆர். போட்டேன். ஒரு சதவீத இன்புட் 25.0, ஆன்டிபாடி 25.36, ஐ.ஜி.ஜி. 29.36. இது நல்லதா? எப்பிடி எழுத?

பதில்: சிப் என்பது புரதத்தை டி.என்.ஏ.வோடு பிணைத்து, ஆன்டிபாடியால் இழுத்து, கூட வந்த டி.என்.ஏ.வை கியூ.பி.சி.ஆரில் அளப்பது. எண்கள் அது தெரிய எடுத்த இரட்டிப்புச் சுற்றுகள், இன்புட் என்பது இழுப்பதற்கு முன் எடுத்துவைத்த மாதிரி, ஐ.ஜி.ஜி. என்பது ஒப்பீட்டுக்கான, எதையும் குறிவைக்காத ஆன்டிபாடி. இன்புட் நூறில் ஒரு பங்கு, நூறு மடங்கு என்பது 6.64 இரட்டிப்பு, ஆகவே 6.64 கழிங்க: 18.36. ஆன்டிபாடிக்கும் அதற்கும் வித்தியாசம் 7 சுற்று. இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128, நூறை அதால் வகுத்தால் 0.78 சதவீதம். ஐ.ஜி.ஜி. 11 சுற்று, 0.05 சதவீதம். 16 மடங்கு, நல்ல எண்தான். ஆனால் ஐ.ஜி.ஜி. மட்டும் போதாது. இதே ஆன்டிபாடியை வைத்து, அந்தப் புரதம் ஒட்ட வாய்ப்பில்லாத ஒரு தூரத்து இடத்தையும் பெருக்கிப் பாருங்க, அங்கேயும் 0.7 வந்தால் இந்த 0.78-க்கு அர்த்தமில்லை.

நெல் இலையில் மெழுகும் சிலிக்காவும் அதிகம், ஃபார்மால்டிஹைடு எளிதில் இறங்காது. ஒரு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி 1 சதவீதக் கரைசலில் வெற்றிடத்தில் 10 முதல் 15 நிமிடம். துண்டு நனைந்த கரும்பச்சையாகி அடியில் மூழ்கினால் இறங்கிவிட்டது, மிதந்தால் இல்லை. பிணைப்பை நிறுத்த கிளைசின் 125 மில்லிமோலார் 5 நிமிடம். அதிகம் ஊறினால் சோனிகேஷனில் உடையாது. துண்டுகள் 200 முதல் 500 கார இணைக்குள் விழுகிறதா என்று ஜெல்லில் பார்த்த பிறகே ஆன்டிபாடியைச் செலவழிங்க.

அதே மாணவி: அப்ப இந்தப் புரதம்தான் அந்த மரபணுவை இயக்குதுன்னு முடிச்சிரலாமா அண்ணாச்சி?

பதில்: ஒட்டுகிறது என்பது வரை எழுதலாம். இயக்குகிறதா என்பதற்கு இன்னொரு சோதனை வேணும். புரதத்தோடு வள்ளியூர் அம்மா கேட்ட அந்த ஸ்டீராய்டு ஏற்பியின் ஹார்மோன் பிடிக்கும் பகுதியை ஒட்டவைத்த செடி செய்யுங்க. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை 10 மைக்ரோமோலார் ஊற்றும்வரை அது உட்கருவுக்கு வெளியே நிற்கும். சைக்ளோஹெக்ஸிமைடை அரை மணி முன்னதாகக் கொடுத்துப் புதுப் புரதம் உருவாவதை நிறுத்திவிட்டு டெக்சாமெத்தசோன் கொடுங்க. நான்கு மணி நேரத்துக்குள் உங்கள் மரபணுவின் ஆர்.என்.ஏ. மாறினால் இடையில் வேறு புரதம் உருவாகி அதை மாற்றவில்லை என்று அர்த்தம். சைக்ளோஹெக்ஸிமைடு மட்டும் கொடுத்த செடியும் கூடவே வேணும். அந்த மருந்து தனியாகவே சில மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை ஏற்றிவிடும்.