தாய்லாந்து: எந்த மாதம், எந்தத் திசை?
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி (ஈரோடு வாசகி): அரையாண்டு விடுமுறையில் இரண்டு குழந்தைகளுடன் முதன்முறையாகத் தாய்லாந்து செல்ல எண்ணியுள்ளோம். ஏழே நாட்களில் பாங்காக், சியாங் மாய், புக்கெட், சாமுய் தீவு ஆகிய நான்கையும் காட்டுவதாக ஒரு பயண நிறுவனம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. ஏழு நாட்களில் நான்கு ஊர்கள் என்றால், பெட்டியைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே பாதிப் பொழுது போய்விடும், குழந்தைகள் சோர்ந்துவிடுவார்கள்.

தாய்லாந்துக்குப் புறப்படுபவர்கள் முதலில் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டின் தென்பகுதி இரண்டு கடல்களுக்கு நடுவே நீண்டு கிடப்பதால், இரு கரைகளுக்கும் மழைக்காலம் வேறுவேறு. மேற்கே அந்தமான் கடலோரத்தில் உள்ள புக்கெட், கிராபி பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை மே முதல் அக்டோபர் வரை பெய்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் வெளுத்து, கடலும் அடங்கியிருக்கும். கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் உள்ள சாமுய்க்கோ, நம் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் நனைக்கிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் பெருமழையைக் கொண்டுவருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாம் குடையும் கையுமாக இருக்கும்போது அவர்களும் அப்படித்தான் இருப்பார்கள். மார்கழியிலும் மழை முழுமையாக விட்டுவிடும் என்று சொல்ல முடியாது. ஆகவே சாமுய்யை விட்டுவிட்டு, பாங்காக்கில் மூன்று நாட்கள், கிராபியில் மூன்று நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் கடலிலிருந்தே எழுந்து நிற்கும் அழகைக் குழந்தைகள் நெடுநாள் மறக்க மாட்டார்கள்.

அங்கிருந்து படகில் போகக்கூடிய மாயா விரிகுடா, அளவுமீறிய கூட்டத்தால் பவளப்பாறைகள் சிதைந்ததால் 2018ஆம் ஆண்டு மூடப்பட்டு, 2022ஆம் ஆண்டு ஜனவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போதும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அதற்கு ஓய்வு கொடுக்கிறார்கள். நம் ஊர்க் கடற்கரைகளுக்கும் இப்படி ஓய்வு கிடைக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): எனக்குக் கடற்கரையில் நாட்டமில்லை. பழைய விகாரங்களையும் சிற்பங்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பாங்காக்கில் உள்ள வாட் போ விகாரத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே பள்ளிகொண்டிருக்கும் புத்தரின் நீளம் 46 மீட்டர். பலர் முகத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பாதம் வரை நடந்து செல்லுங்கள். உள்ளங்கால்களில் 108 மங்கலச் சின்னங்களை முத்துச்சிப்பியால் இழைத்திருக்கிறார்கள். சிலையின் பின்புறச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கின்றன. சில்லறையை வாங்கிக்கொண்டு கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டபடி மக்கள் நடப்பதால், அந்தக் கூடம் முழுவதும் ‘கிணிங், கிணிங்’ என்ற ஓசை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் அதைக் கேட்டு நின்றிருக்கிறேன்.

அடுத்தது அயுத்தயா. பாங்காக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ரயிலில் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அயோத்தியின் பெயரைத் தாங்கிய இந்நகரம் 1350ஆம் ஆண்டு உருவாகி, 1767ஆம் ஆண்டு பர்மியப் படைகளால் எரிக்கப்படும் வரை நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைநகராக இருந்தது. இங்குள்ள வாட் மகாதாட்டில், மரவேர்கள் சுற்றிப் பிணைந்து தாங்கிநிற்கும் ஒரு கல் புத்தரின் தலை இருக்கிறது. முகம் தரையிலிருந்து அதிக உயரத்தில் இல்லை. அதன்முன் நின்று படமெடுக்க முயன்றால், உட்காரும்படி காவலர் கையால் சைகை காட்டுவார். புத்தரின் தலைக்கு மேல் நம் தலை இருக்கக் கூடாது என்பது அவர்கள் மரபு. மண்ணில் குந்தி அமர்ந்து பார்க்கும்போதுதான் அந்த மூடிய இமைகளும் உதட்டோரச் சிரிப்பும் நேர்பார்வைக்கு வருகின்றன.

நேரமிருந்தால் இன்னும் வடக்கே சுகோத்தாய்க்கும் செல்லுங்கள். மிதிவண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குளங்களுக்கும் தூபிகளுக்கும் இடையே நாள் முழுவதும் சுற்றலாம். நடந்துவரும் கோலத்தில் புத்தரை வடித்தது சுகோத்தாய்ச் சிற்பிகளின் தனிச்சிறப்பு. வாட் சி சும் என்ற இடத்தில், சுவரின் குறுகிய பிளவு வழியாக முதலில் முகத்தின் ஒரு கீற்று தெரிகிறது. உள்ளே நுழைந்ததும் ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்தில் புத்தர் அமர்ந்திருக்கிறார். பக்தர்கள் ஒட்டிய தங்கத் தாள்களால் அவருடைய நீண்ட விரல்கள் மின்னுகின்றன.

பெரிய கோயிலின் நிழலில் வாழும் உங்களுக்கு மேலும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். வடகிழக்கில் புரிராம் மாகாணத்தில், அணைந்துபோன எரிமலையின் உச்சியில் ஃபனோம் ருங் என்ற சிவன் கோயில் இருக்கிறது. கம்போடியாவின் அங்கோரை ஆண்ட கெமர் மன்னர்கள் காலத்தது. ஆண்டுக்கு நான்கு முறை, உதயத்திலோ அஸ்தமனத்திலோ சூரியன் அதன் பதினைந்து வாசல்களையும் நேர்கோட்டில் ஊடுருவுகிறது. இக்கோயிலிலிருந்து களவுபோன அனந்தசயனச் சிற்பம் ஒன்று சிகாகோ அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியவந்து, தாய்லாந்து மக்கள் போராடி 1988ஆம் ஆண்டு அதைத் திரும்பப் பெற்று, பழைய இடத்திலேயே பொருத்தினார்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): அங்கே தமிழர் சுவடுகளைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். புக்கெட்டுக்கு வடக்கே உள்ள தக்குவாபாவில், சுமார் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. நங்கூர் உடையான் ஒருவர் தோண்டிய ‘அவனிநாரணம்’ என்ற குளம், மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினருக்கும் சேனாமுகத்தார் என்ற படையினருக்கும் அடைக்கலம், அதாவது அவர்கள் பாதுகாப்பில் விடப்பட்டது, என்று அது சொல்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். கடல் கடந்து போன இடத்தில் முதலில் ஒரு குளத்தை வெட்டி, அதற்குத் தங்கள் அரசனின் பெயரையும் சூட்டியவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பாங்காக்கில் 1784ஆம் ஆண்டு கட்டப்பட்ட ‘தேவஸ்தான்’ என்ற இந்துக் கோயிலில், ‘திரியம்பாவாய் – திரிபாவாய்’ என்ற சடங்கை அரண்மனைப் பிராமணர்கள் இன்றும் நடத்துகிறார்கள். திருவெம்பாவை, திருப்பாவை என்ற பெயர்களே அப்படித் திரிந்து நிற்கின்றன. எதிரே செந்நிறத்தில் உயர்ந்து நிற்கும் மாபெரும் ஊஞ்சலில் ஆடும் வழக்கம் மட்டும் 1935ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சீலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கு நவராத்திரியில் போனால், நம்மவர்களைவிடத் தாய்லாந்து மக்களே அதிகமாக மாலையும் தேங்காயுமாக வரிசையில் நிற்பதைக் காணலாம்.

கேள்வி (சேலம் வாசகி): என் தாயார் முட்டைகூடச் சாப்பிட மாட்டார். சமாளிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. ஆனால் “காய்கறி மட்டும் போடுங்கள்” என்று சொன்னால் போதாது. ‘நாம் பிளா’ என்ற மீன் சாறு இல்லாமல் அவர்கள் வாணலியை அடுப்பில் வைப்பது அரிது. ‘ஜே’ என்று கேளுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றோடு வெங்காயமும் பூண்டும் நீக்கிய உணவுக்கு அப்பெயர். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அது ஜே கடை. பொதுவாகச் சைவ உணவுக்கு ‘மங்சவிரத்’ என்று சொல்கிறார்கள். மாமிச விரதம் என்பது அதில் காதில் விழும். ஆனால் அங்கே முட்டை சேரக்கூடும் என்பதால், உங்கள் தாயாருக்கு ஜே உணவே ஏற்றது.

கேள்வி (உதகை வாசகர்): சியாங் மாய்க்கு மார்ச் மாதம் போகலாமா?

பதில்: தவிர்த்துவிடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் பயிர்த்தாள்களை எரிப்பதாலும் காட்டுத் தீயாலும் வடக்கு மலைப்பகுதி முழுவதும் புகை சூழ்ந்திருக்கும். முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி தோய் சுதேப் விகாரத்தை அடைந்தாலும் கீழே நகரம் தெரியாது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை குளிர்ச்சியாக இருக்கும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): பூஜை அறைக்கு ஒரு புத்தர் சிலை வாங்கி வரலாமா?

பதில்: புத்தர் சிலைகளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல அந்நாட்டின் நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கடைக்காரர் “ஒன்றும் ஆகாது” என்று சொன்னாலும், விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அனுமதி பெற்றுத் தரும் கடைகளில் மட்டும் வாங்குங்கள். அனுமதித் தாளைச் சிலையோடு வைக்காமல் கைப்பையில் தனியாக வைத்திருங்கள். தாய்லாந்தைச் சென்றடைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவத்தையும் மறந்துவிடாதீர்கள். 2025ஆம் ஆண்டு மே மாதம் முதல் அது கட்டாயம்.