பூனைக்கு ஒரு முதுகு

கேள்வி: ஐயா, நான் ஒரு கேம் ஸ்டுடியோவில் நான்கு வருடமாக மாடலிங் வேலை பார்க்கிறேன், அதாவது விளையாட்டில் வரும் பொருள்களைக் கணினியில் முப்பரிமாணமாகச் செய்கிற வேலை. நாள் முழுக்க பீப்பாய், வாள், கவசம்தான். கை வளர வேண்டும் என்று சொந்தமாக ஒரு டிஜிட்டல் சிற்பம் செய்ய ஆசை. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு முழுவதையும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்யலாம் என்று நினைத்திருக்கிறேன். தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் கிடைக்கும். மூன்று மாதத்தில் முடியுமா? என் வேலைகளின் படங்களை இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: முடியாதும்மா. அந்தப் பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன. மூன்று மாதம் என்றால் ஓர் உருவத்துக்கு ஒரு ராத்திரிகூட வராது.

நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரம் கோயிலில், குறவன் ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற சிற்பம் இருக்கிறது. அதைக் கணினியில் செய்யப் போகிறேன் என்று உட்கார்ந்து, முதல் மாதமே பாசிமணிகளுக்குப் போய்விட்டேன். ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் மணிகள் எல்லாம் அழகாக இருந்தன, அவள் உட்கார்ந்திருந்த தோள் மட்டும் கொஞ்சம்கூட இறங்கவில்லை. அதைத் திருத்தினால் மேலே செய்த அத்தனையும் போய்விடும். அப்படியே விட்டுவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

உங்கள் படங்களைப் பார்த்தேன். கவசத்தின் ஆணியும் தோல்வாரும் அருமை. ஆனால் கவசத்துக்குள் நிற்கிறவனுக்கு எடை இல்லை. இரண்டு காலிலும் சமமாக ஊன்றி நிற்கிறான். அதனால் உங்களுக்கு வேண்டியது பெரிய வேலை இல்லை, உடம்பின் எடையைப் பிடிக்கச் சொல்லித் தரும் ஒரு சின்ன வேலை.

அதே பாறையில், பெரிய யானைக்கு முன்னால் கீழே பாருங்கள். ஒரு பூனை பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது. பக்கத்தில் எலிகள். மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் அதே நிலை. அந்தப் பூனையை மட்டும் எடுங்கள், ஆறு வாரத்துக்கு. புடைப்பாக இல்லாமல், சுற்றிலும் பார்க்கிற முழு உருவமாகச் செய்யுங்கள். கல்லில் அதற்கு முதுகு கிடையாது. அந்த முதுகை நீங்கள்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் கற்றுக்கொள்ளப்போவது எல்லாம் அந்த முதுகில்தான் இருக்கிறது.

முதல் வாரம் கணினியைத் திறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு மாமல்லபுரம் போய் வாருங்கள். பாறை கிழக்கு பார்த்தது. விடிந்ததும் போனால் வெயில் நேராக அடித்துச் சிற்பம் தட்டையாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி, மேலேயிருந்து சாய்வாக விழும்போதுதான் மேடுபள்ளம் பிடிபடும். அப்போது வரையுங்கள். அப்புறம் தெருவில் மீன்காரரிடம் மீனுக்காக எழும்பி நிற்கிற பூனையைப் பாருங்கள். பின்பக்கம் மடிந்த முழங்கால் போலத் தெரிவது அதன் குதிகால், பூனை எப்போதும் விரல்நுனியில்தான் நிற்கிறது.

அடுத்த இரண்டு வாரமும் வெறும் உருண்டைகள்தான். மார்பு ஒன்று, இடுப்பு ஒன்று, தலை ஒன்று. நான் கல் பழகிய பட்டறையில் காவியால் கோடு போட்டு, வேண்டாத கல்லைப் பெரிய பெரிய சில்லாகத் தட்டி எடுத்த பிறகுதான் சின்ன உளியைக் கையில் தருவார்கள். பிளெண்டரில் அந்த ஒழுங்கு தானாக வராது, நீங்கள்தான் பிடிவாதமாக இருக்க வேண்டும். உருவத்தின் வலைப்பின்னலைப் புதிதாகப் பின்னும் ரீமெஷ் செய்யும்போது, வாக்சல் அளவை, அதாவது அந்தப் பின்னலின் கட்ட அளவை, பெரிதாகவே வையுங்கள், ரோமம் போட நினைத்தாலும் முடியாத அளவுக்கு. ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் அப்படியே செய்துவிடும் சிமெட்ரியை அணைத்துவிடுங்கள். ஸ்கல்ப்ட் மோடு என்ற செதுக்கும் பகுதிக்குள் போனதுமே அது இயல்பாக இயங்கிக்கொண்டிருக்கும். உங்கள் வீரன் விறைத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கழுத்துக் குழியிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டுப் பாருங்கள். எடை ஒரே காலில் என்றால் நூல் அந்தக் காலடியில் வந்து விழ வேண்டும்.

மிச்ச வாரங்களில் முதுகும் இடுப்பும், கடைசியில் மேல்தோல். ஆறாவது வாரம் முடிந்ததும் எனக்குப் படம் அனுப்புங்கள், முதுகுப் பக்கத்தை முதலில்.

கேள்வி: டிஜிட்டல் சிற்பத்துக்கான ஸீபிரஷ் மென்பொருள் இல்லாமல் முன்னேற முடியாது என்கிறார்கள். சந்தா கட்ட வீட்டில் கேட்க முடியாது. என்ன செய்வது?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: கேட்க வேண்டாம் தம்பி. பிளெண்டர் இலவசம், நீங்கள் இப்போது கற்க வேண்டிய அத்தனைக்கும் அது போதும். ஸ்டுடியோவில் சேர்ந்தால் ஸீபிரஷை அங்கேயே பழகிக்கொள்ளலாம். இப்போதைக்குப் பானை செய்கிறவரிடம் இரண்டு கிலோ களிமண் வாங்கி வந்து, உங்கள் இடது கையைப் பார்த்து ஒரு கை செய்யுங்கள். அதே கையை அப்புறம் திரையில் செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.