அந்தி நேர டைம்லாப்ஸுக்கு 62,000 ரூபாய் கேமரா தேவையா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பாண்டிச்சேரியில் வெளிச்சம் மங்கித் தெருவிளக்குகள் எரிய ஆரம்பிக்கும் நேரத்தை டைம்லாப்ஸ் வீடியோவாக, அதாவது இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓடவிடும் வீடியோவாக, எடுக்க ஆசை. பாண்டியில் ஒரு கடையில் விசாரித்தால் "போன்ல எல்லாம் வராது சார், மிரர்லெஸ்தான் சரி" என்று லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா செட் ஒன்றை 62,000 ரூபாய்க்குக் காட்டினார்கள். பில் வேண்டாம் என்றால் 4,000 குறைப்பார்களாம். பாண்டியில் வரியும் கம்மி என்கிறார்கள் நண்பர்கள். கையில் மூன்று வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கேமரா வாங்கும் ஆசை தனி, டைம்லாப்ஸ் எடுக்கும் ஆசை தனி. கடைக்காரர் இரண்டையும் சேர்த்து ஒரே பில்லில் போடப் பார்க்கிறார், அதையும் பில் இல்லாமல்.

ஒரு சின்ன கணக்கு போடுங்கள். சூரியன் மறைவதற்கு 25 நிமிடம் முன்பு தொடங்கி, மறைந்த பிறகு 35 நிமிடம் வரை எடுத்தால் ஒரு மணி நேரம். நான்கு நொடிக்கு ஒரு படம் என்றால் 900 படங்கள், நொடிக்கு 25 படம் வீதம் ஓடவிட்டால் 36 நொடி வீடியோ. அவ்வளவுதான் வேலை. ஐரோப்பாக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து இரண்டு மூன்று மணி நேரம் நிற்க வேண்டுமோ என்று பயப்படாதீர்கள், அங்கே சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்தி இழுத்துக்கொண்டே போகும். நம் ஊரில் நேராக இறங்கிவிடும், மறைந்த இருபது இருபத்தைந்து நிமிடத்தில் அந்த நீல வெளிச்சம் போய்விடும்.

இந்த ஒரு மணி நேரமும் ஆடாமல் அசையாமல் நிற்பதுதான் முக்கியம். அதனால் முதல் செலவு டிரைபாட். அதுவும் கால் நுனி நடுங்கும் பிளாஸ்டிக் டிரைபாட் வேண்டாம். கடலோரக் காற்றுக்கு அது தாங்காது, வீடியோ முழுக்கத் துள்ளும். கடையிலேயே காலை முழுசாக நீட்டச் சொல்லி, மேலே போனை மாட்டி, விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் உடனே அடங்க வேண்டும். நடுத்தண்டின் அடியில் கொக்கி இருந்தால் நல்லது, பையைத் தொங்கவிடலாம். அப்புறம் போனை மாட்டும் ஹோல்டர், ஒரு பவர் பேங்க். இவ்வளவும் சேர்த்து அந்த 62,000-இல் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

போன் தன்னிஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், நடுநடுவே போகஸ் தேடித் தவிக்கும், இருட்டில் புள்ளி புள்ளியாக வரும். இந்தக் குறைகள் உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று மாலை போனில் எடுத்துப் பார்த்து, அப்புறமும் இந்தக் குறைதான் உறுத்துகிறது என்றால் கேமரா பற்றி யோசிக்கலாம்.

இனி வரி விஷயம். ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலத்தில் பாண்டியில் சில சாமான்கள் மலிவாக இருந்தது உண்மை. 2017 ஜூலை 1-க்குப் பிறகு கேமராவுக்குக் கடலூரிலும் பாண்டியிலும் ஒரே ஜிஎஸ்டிதான், இப்போது 18 சதவீதம். மதுவும் பெட்ரோலும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அங்கே விலை வித்தியாசம் உண்டு, அந்த நினைப்பைக் கேமரா கடைக்குள் கொண்டுபோக வேண்டாம். 62,000-இல் வரி மட்டும் சுமார் 9,450 ரூபாய். சரக்கே பில் இல்லாமல் வந்தது என்றால் அதில் உங்களுக்கு 4,000, மிச்சம் யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. நாளைக்கு சென்சாரில் கோளாறு வந்தால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பதே பில்லைத்தான். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி எதுவும் இல்லை என்றால் தொடவே வேண்டாம்.

பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. திருப்பித் தருவதற்கான காலக்கெடு எதுவும் பில்லில் இல்லையென்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. இன்னொன்று, பாண்டியில் வாங்கியதற்காக வழக்குக்கும் பாண்டிக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், பல சமயம் அதிலேயே கடைக்காரர் இறங்கி வருவார்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று வருகிறது, லென்ஸோடு. என்ன பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: லென்ஸைத்தான். கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிப்பது சகஜம். போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் தெரிந்தால் விலையைப் பேசவே உட்கார வேண்டாம். அடுத்தது ஷட்டர் எண்ணிக்கை, அதாவது அந்தக் கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது. ஒரு மாலைக்கே 900 முறை அடிக்கப் போகிறீர்கள், ஏற்கெனவே லட்சத்தைத் தொட்ட கேமரா எனக்கு வேண்டாம். நிக்கானில் ஒரு படம் எடுத்துக் கணினியில் போட்டால் எண்ணிக்கை தெரியும், கேனானில் பல மாடல்களில் அது படத்தில் பதிவாகாது. இடைவெளி விட்டுத் தானாக எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறதா என்றும் கேளுங்கள்: நிக்கான் டி5300, கேனான் 80டி இரண்டிலும் உண்டு, கேனான் 1500டி-யில் கிடையாது. அதற்குத் தனி டைமர் ரிமோட் வாங்க வேண்டிவரும். டிரைபாடில் வைக்கும்போது லென்ஸின் ஆட்டம் தடுக்கும் பட்டனை அணைத்துவிடுங்கள், போகஸை மேனுவலில் வையுங்கள். ஷட்டர் நேரம், அதாவது ஒரு படத்துக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம், இடைவெளியைத் தாண்டக் கூடாது. நான்கு நொடி இடைவெளிக்கு இரண்டரை நொடி போதும்.

கேள்வி: பாண்டி பீச்சில் எங்கே நிற்பது?

பதில்: நம் கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் ஊருக்குப் பின்னால்தான் இறங்கும், அது கடலூர் சில்வர் பீச்சிலும் அப்படித்தான். கடலைப் பார்த்து கேமராவை வைத்தால் சூரியன் வராது. சாலை நெடுகப் பார்க்கிற மாதிரி, காந்தி சிலையும் நடப்பவர்களும் வர வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் ஹெட்லைட் கோடுகள் கிடைக்காது, அது வேண்டும் என்றால் அண்ணா சாலைப் பக்கம் ஒரு மொட்டைமாடிக்கு அனுமதி கேட்டு மேற்கே திருப்பி வையுங்கள். பௌர்ணமி அன்று மட்டும் கடல் பக்கம் திரும்பலாம், சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டியே நிலா எழும். உப்புக்காற்றில் லென்ஸ் மங்கும், மெல்லிய துணி ஒன்று கையில் இருக்கட்டும்.