பார்க்காத மாதத்துக்கும் எதற்குக் காசு?

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் இருக்கிறோம். நான் ஆசிரியை, கணவருக்குத் துறைமுகப் பக்கம் வேலை. வீட்டில் மாமி, உயர்தரம் படிக்கும் மகள், தரம் ஒன்பதில் மகன். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை, அதோடு ரீவி இணைப்பு என்று மாதம் ஏழாயிரம் ரூபாய்க்குக் கிட்டப் போகிறது. முந்தி நெட்ஃபிளிக்ஸை ரொறன்ரோவில் இருக்கும் தம்பியின் கணக்கில் பார்த்தோம். அது நின்றுபோக, சொந்தமாக எடுத்தோம். பிள்ளைகள் கேட்டபடியால் ஆகக் கூடிய திட்டம். இப்போது கணவர் எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறார். டெலிகிராமில் எல்லாப் படமும் சும்மா வருகிறதாம். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாமி ஒன்றும் சொல்வதில்லை. இவ்வளவு காசு கொடுத்துப் பார்ப்பதில் பிரயோசனம் இருக்கிறதா?
- ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: அன்புத் தங்கச்சி, பிரயோசனம் இருக்கிறது. ஆனால் நீங்கள் இப்போது கட்டுகிற விதத்தில் இல்லை. மாதத்துக்கு ஒன்று போதும், அதுவும் வீட்டில் யாராவது உண்மையாக உட்கார்ந்து பார்க்கிற ஒன்று. மற்றதை நிறுத்துங்கள். ரீவி இணைப்பு வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

விலை ஏறியது உங்கள் மனப்பிரமை இல்லை. டிஸ்னி பிளஸ் என்ற இன்னொரு படச் சேவை 2019 நவம்பரில் அமெரிக்காவில் 6.99 டொலருக்குத் தொடங்கியது. 2024 ஒக்டோபரில் விளம்பரம் இல்லாமல் பார்க்க 15.99 ஆகிவிட்டது. நெட்ஃபிளிக்ஸின் நடுத்தரத் திட்டம் அங்கே 2022 ஜனவரியில் 15.49, 2025 ஜனவரியில் 17.99. தொடக்கத்தில் ஆட்களைச் சேர்ப்பதுதான் குறி, நட்டம் வந்தாலும் பரவாயில்லை என்று மலிவாகக் கொடுத்தார்கள். 2022இன் முதல் ஆறு மாதத்தில் நெட்ஃபிளிக்ஸ் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்களை இழந்தது. அதற்குப் பிறகு எல்லா நிறுவனமும் இருக்கிற ஆட்களிடம் கூடுதலாக வாங்கும் வழியைத்தான் பார்க்கின்றன. விளம்பரத்தோடு வரும் மலிவுத் திட்டத்தை நெட்ஃபிளிக்ஸ் அந்த வருட நவம்பரில் 12 நாடுகளில் கொண்டுவந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

நமக்கு விழுந்த அடி வேறு பக்கத்தால் வந்தது. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். சில மாதங்களில் 360 வரை போனது. எட்டு டொலர் சந்தா 1,600 ரூபாயாக இருந்தது, 2,880 ஆனது. நிறுவனம் ஒரு சதமும் கூட்டாமலே இது நடந்தது. நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட அந்த மார்ச் கடைசியிலும் கார்டில் காசு வெட்டுப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. பிறகு டொலர் கொஞ்சம் இறங்கினாலும் 200 பக்கம் திரும்பி வரவே இல்லை. இதற்கு மேல் வங்கி டொலரை விற்கிற விலையும் அது எடுக்கும் கட்டணங்களும் இருக்கின்றன. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளையும் 18 சதவீத வற் வரிக்குள் கொண்டுவர 2025இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஆகவே ஆப்பில் போட்டிருக்கும் விலையை நம்பிக் கணக்குப் பார்க்காதீர்கள். வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களை எடுத்து, கடைசி மூன்று மாதமும் உண்மையில் எவ்வளவு போனது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

அப்புறம் அதற்குப் பக்கத்திலேயே, யார் என்ன பார்த்தார்கள் என்றும் எழுதுங்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்குக்குள் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் பார்த்தவற்றின் பட்டியல் திகதியோடு இருக்கிறது. பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திறவுங்கள். ஒரு தொடர் வந்த கிழமை ஒரே இரவில் நாலைந்து பகுதி ஓடியிருக்கும். அதற்குப் பிறகு மூன்று கிழமை வெறுமையாக இருக்கும். அநேகமான வீடுகளில் இதுதான் நிலைமை. அந்த வெறுமையான கிழமைகளுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

எண்பதுகளில் நம் பக்கத்தில் ரீவியும், கசெட் போட்டுப் படம் ஓட்டுகிற டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்ததை உங்கள் மாமியிடம் கேட்டுப் பாருங்கள். அயலட்டைச் சனமெல்லாம் முற்றத்தில் பாய் விரித்து இருக்கும். விடிந்ததும் பெட்டி திரும்பிப் போய்விடும். பார்த்த இரவுக்குக் காசு, பார்க்காத இரவுக்கு இல்லை. அந்த ஒழுங்கை இன்றைக்கும் கைக்கொள்ளலாம், ஏனென்றால் இந்தச் சந்தாக்களை மாதத்துக்கு மாதம் நிறுத்தலாம். இந்த மாதம் நெட்ஃபிளிக்ஸ். மகன் காத்திருக்கிற தொடர் பிரைமில் முழுதாக வந்து முடிந்த பிறகு அடுத்த மாதம் பிரைம். கிழமைக்கு ஒரு பகுதி என்று விடுகிற தொடருக்காக இரண்டு மூன்று மாதம் கட்டாமல், கடைசிப் பகுதி வந்ததும் சேருங்கள். மகளின் பரீட்சை நெருங்கும் மாதங்களில் ஒன்றுமே வேண்டாம். அதை நீங்கள் சொல்ல முன்னமே அவளே சொல்லக்கூடும்.

ஆகக் கூடிய திட்டம் உங்களுக்கு எதற்கு? அதில் கூடுதலாகக் கிடைப்பது 4கே தெளிவும் ஒரே நேரத்தில் நாலு திரையும். உங்கள் ரீவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். 4கே என்று இல்லாவிட்டால் அந்தத் தெளிவுக்குக் கொடுக்கும் காசு முழுக்க வீண். இரண்டு திரை கிடைக்கும் நடுத்தரத் திட்டம் ஐந்து பேருக்குப் போதும். ஒரு சண்டை வரும், அது பரவாயில்லை. டேட்டாவையும் மறந்துவிடாதீர்கள். நல்ல தெளிவில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும், சாதாரணத் தெளிவில் 1 ஜிபிக்குள் முடியும், 4கே என்றால் 7 ஜிபி. மகன் கைபேசியில் பார்ப்பதற்குச் சாதாரணத் தெளிவே தாராளம். ரீலோட்டுக்குப் போகிற காசும் இந்தச் செலவில்தான் சேரும்.

தம்பியின் கணக்கு நின்றதற்குத் தம்பியைக் குறை நினைக்காதீர்கள். 2023 பெப்ரவரியில் கனடாவிலும், மே மாதத்தில் நூறுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் நெட்ஃபிளிக்ஸ் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று இறுக்கியது. காசு கட்டி ஓர் ஆளைக் கூடுதலாகச் சேர்க்கலாம், ஆனால் அவரும் அதே நாட்டில் இருக்க வேண்டும். கனடாக் கணக்கில் உப்புவெளியைச் சேர்க்க வழியில்லை.

டெலிகிராம் வேண்டாம். உங்கள் கணவரின் கோபம் எனக்கு விளங்குகிறது, வீட்டுக் கணக்குப் பார்க்கிறவருக்கு அது வரத்தான் செய்யும். ஆனால் ஒரு படத்தில் கமெரா தூக்கியவர், சத்தம் சேர்த்தவர், உடுப்புத் தைத்தவர் என்று எத்தனை பேரின் கூலி இருக்கிறது. நம் தீவிலும் இளம் பிள்ளைகள் கைக்காசைப் போட்டுப் படம் எடுக்கிறார்கள். களவாகப் பார்க்கிற பழக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்தப் பிள்ளைகளின் படத்தையும் அப்படித்தான் பார்ப்போம். தெரியாத ஆட்கள் அனுப்புகிற ஃபைலை, வங்கி ஆப் இருக்கிற அதே கைபேசியில் திறப்பது இன்னொரு ஆபத்து. காசு இல்லையென்றால் பார்க்காமல் இருக்கலாம். யூடியூபில் பட நிறுவனங்கள் தாங்களே ஏற்றிவைத்திருக்கும் பழைய தமிழ்ப் படங்கள் எத்தனையோ இருக்கின்றன.

மாமி ஒன்றும் சொல்வதில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி அதுதான். காலையில் நீங்கள் நாலு பேரும் பள்ளிக்கும் வேலைக்கும் போய்விட்டால் பகல் முழுக்க அந்த வீட்டில் அவர் தனியாகத்தானே இருக்கிறார்? எல்லாவற்றையும் வெட்டினால் பிள்ளைகளுக்குக் கைபேசி இருக்கிறது, உங்களுக்குக் கொப்பி திருத்துகிற வேலை இருக்கிறது. இழக்கப்போவது வாய் திறக்காத அவர்தான். ஆகவே ரீவி இணைப்பை அவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். "உங்களுக்கு எது வேணும் மாமி?" என்று பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். எல்லோருக்கும் முன்னால் கேட்டால் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்வார். பெரிய நாடகத் தொடரைப் பின்தொடர்கிறாரா, பழைய படமா, கோயில் நிகழ்ச்சியா என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய படம் என்றால் ரீவியில் யூடியூபைத் திறப்பதையும் குரலால் தேடுவதையும் மகன் ஒரு பின்னேரம் பொறுமையாக உட்கார்ந்து பழக்கிவிடட்டும். ஏழாயிரத்தில் எது மிஞ்சினாலும் அவருடைய பகல் நேரத்துக்கான காசு மிஞ்ச வேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம்.

ஸ்பொட்டிஃபை பற்றி அதிகம் சொல்ல இல்லை. விளம்பரம் கேட்கத் தயாரென்றால் இலவசமாகவே கேட்கலாம்.

நிறுத்தும்போது ஒரு விஷயம். கைபேசியில் இருந்து ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, காசு வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். கணக்குக்குள் போய்த்தான் ரத்துச் செய்ய வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் கட்டிய அன்றைக்கே ரத்துச் செய்தாலும் காசு கட்டிய அந்த ஒரு மாதம் முடியும் வரை பார்க்கலாம், அதனால் சேரும் நாளிலேயே செய்துவிடுவது நல்லது. பார்த்த விவரங்களைப் பத்து மாதம் வரை வைத்திருப்பார்கள், பிள்ளைகள் திரும்பி வரும்போது விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். அடுத்த மாதம் வங்கி எஸ்.எம்.எஸ்.ஐப் பாருங்கள். ரத்துச் செய்த பிறகும் பிரைம் போன்ற மற்றச் சந்தாக்களுக்கு வெட்டுப்பட்டிருந்தால், கூகுள் பிளே அல்லது ஆப்பிள் வழியாகச் சேர்ந்திருக்கக்கூடும். அங்கே போய்த்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.