சோறா, பள்ளிக்கூடமா?

கேள்வி: ஐயா, நான் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆதாரங்களைத் தேடி, ஒரு கருத்தை நிறுவி, 2,000 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ‘தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம்’ என்று எழுதிக் காட்டினேன். “தகவல் எல்லாம் இருக்கு, வாதம் எங்கே?” என்று மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?
- கல்லூரி மாணவி, விருதுநகர் மாவட்டம்

பதில்: கட்டுரையைப் பார்க்காமலே சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர், 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 1989இல் முட்டை, 2022இல் காலை உணவு. கடைசி வரி, ‘இது ஒரு சிறந்த திட்டம்.’ இதை மறுத்து யாரம்மா எழுந்து நிற்பார்கள்? மறுக்க ஆள் இல்லாத இடத்தில் வாதத்துக்கு என்ன வேலை?

நூறு வருடத்தையும் சுமக்க வேண்டாம். உங்கள் ஊர்க்காரர் காமராசர் காலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மதியச் சோறு போட்டதால் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அதே ஆண்டுகளில்தான் பள்ளியே இல்லாத ஊர்களில் புதுப்புதுப் பள்ளிகளும் திறந்தார்கள். அப்படியானால் பிள்ளைகளை இழுத்து வந்தது சோறா, நடக்கிற தூரத்தில் வந்த பள்ளிக்கூடமா? இது கேள்வி. இதற்கு இரண்டு பக்கமும் ஆள் கிடைப்பார்கள்.

இப்போது ஒரு வரியில் உங்கள் பதிலை எழுதி மேசை முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது பக்கத்தில் வந்த பள்ளி, சேர்ந்தவர்களைப் பாதியில் நின்றுவிடாமல் பிடித்து வைத்தது சோறு.’ இது தப்பாகவும் போகலாம். போகட்டும். எது கிடைத்தால் இந்த வரி உடையும் என்று யோசித்துவிட்டுத் தேடப் போங்கள்.

உங்கள் ஒன்றியத்தில் 1956க்கு வெகு முன்பே இருந்த தொடக்கப் பள்ளி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். அங்கே பள்ளி புதிதாக வரவில்லை, சோறு மட்டும்தான் வந்தது. தலைமை ஆசிரியரிடம் முறையாக அனுமதி கேட்டால் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கக் கிடைக்கலாம். பிள்ளை எந்தத் தேதியில் சேர்ந்தது, எந்த வகுப்பில் நின்றது என்று அதில் இருக்கும். பெயர், சாதி எதையும் குறிக்காதீர்கள், எண்ணிக்கை போதும். உணவு வந்த பிறகு சேர்க்கை சட்டென்று ஏறியிருந்தால் என் வரி அடிபட்டது என்று அர்த்தம். சேர்க்கை அப்படியே இருந்து, மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு வரை தங்கியவர்கள் கூடியிருந்தால் வரி நிற்கிறது. ஒரு பள்ளியை வைத்து மாநிலத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். அதையும் கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் நூலகம். அன்றைக்குக் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு எழுதிய ‘நினைவு அலைகள்’ தேடிப் படியுங்கள். திட்டத்தை நடத்தியவரே எழுதியது என்பதால் உள்விவரம் கிடைக்கும். அதே காரணத்தால், பலன் பற்றி அவர் சொல்வதை மட்டும் நம்பி முடிவு கட்டவும் முடியாது. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் எதிர்த்தோ சந்தேகப்பட்டோ கேட்டவர்களின் குரல் இருக்கும். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்களுக்குப் பக்கம். சென்னை வர முடிந்தால் கன்னிமாரா.

எதிர்க்கருத்தைக் கடைசிப் பத்தியில் ‘சிலர் இவ்வாறு கூறினாலும்’ என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்ததன் விளைவோ என்னவோ! மறுதரப்பின் பலமான ஆதாரத்தைக் கட்டுரையின் நடுவில் வைத்து, அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். பாதி ஒத்துக்கொள்ள வேண்டி வந்தால் மேலே ஒட்டிய வரியைத் திருத்துங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதினால் போதும்.

கேள்வி: 1981இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஓரிடத்தில் சுமார் 47 சதவீதம் என்றும், இன்னோரிடத்தில் 54 என்றும் இருக்கிறது. எதைப் போடுவது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டும் சரி. 47 என்பது கைக்குழந்தை உட்பட மொத்த மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. 54 என்பது 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் வைத்து. 1991இன் 63 சதவீதம் இரண்டாவது வகை. அதை 54 பக்கத்தில் வைத்தால் பத்தாண்டில் ஏற்றம் 9 புள்ளிக்கும் குறைவு. 47 பக்கத்தில் வைத்தால் 16! ஆகவே 54ஐப் போடுங்கள். எந்த வயதுக் கணக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: சாட்ஜிபிடி தருகிற மேற்கோள் நூல் பட்டியலை அப்படியே சேர்க்கலாமா?
- மாணவர், கோவை

பதில்: கூடாது. இல்லாத புத்தகத்துக்கும் அது ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் போட்டுத் தரும். ஒவ்வொன்றையும் நூலகப் பட்டியலில் தேடுங்கள். இருந்தால் எடுத்து, மேற்கோள் காட்டப் போகிற பக்கத்தையாவது நீங்களே படியுங்கள். இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.