பாக்ஸிங் தெரிந்தால் ரெஸ்லிங் சுலபமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. பாக்ஸிங்கில் மாநில அளவில் மெடல் வாங்கியவன், தினமும் காலையில் எங்கள் ஏரியா பசங்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறான். இப்போது டிவியில் வரும் ரெஸ்லிங்குக்குப் போகப்போகிறேன், பயிற்சிக்குப் பணம் கட்டு என்று ஒரே பிடிவாதம். “அதெல்லாம் நடிப்புடா” என்றால் சண்டைக்கு வருகிறான். கட்டலாமா?
- ஓர் அக்கா, வடசென்னை

பதில்: முதலில் அந்த ‘நடிப்பு’ பேச்சை விடுங்கள். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள், உண்மைதான். விழுகிற முதுகு நிஜ முதுகு.

ஜோ லூயிஸைவிடப் பெரிய பாக்ஸர் வேண்டுமா? 1937 முதல் 1949 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியன், பட்டத்தை 25 முறை காப்பாற்றியவர். வரிப் பாக்கி கழுத்தை நெரிக்க, 1956-ல் ரெஸ்லிங் ரிங்கில் ஏறினார். அதே வருடம் ராக்கி லீ என்ற கனத்த ஆள் ஒரு மேட்சில் அவர் நெஞ்சில் மிதிக்க, விலா எலும்பு போனது, இதயத்திலும் அடி. அப்புறம் பெரும்பாலும் ரெஃப்ரி வேலைதான். இதே லூயிஸிடம் 1935-ல் ஆறாவது ரவுண்டில் அடிவாங்கித் தோற்ற இத்தாலிக்காரர் பிரிமோ கார்னெராவின் கதை நேர்மாறு. ஆறரை அடி மனிதர், உலக சாம்பியனாகவும் இருந்தவர், ஆனால் பாக்ஸிங்கில் வந்த காசையெல்லாம் மேனேஜர்களும் ரவுடிக் கும்பலும் சுருட்டிவிட்டார்கள். 1946-ல் ரெஸ்லிங்குக்கு மாறிய பிறகுதான் கையில் நாலு காசு நின்றது. எனவே எந்த விளையாட்டு என்பதைவிட, கல்லாப்பெட்டி யார் கையில் என்பதை நான் முதலில் கேட்பேன்.

வேலை எப்படி மாறுகிறது தெரியுமா? பாக்ஸருக்குக் கீழே விழுந்தால் அவமானம், ரெஸ்லருக்கு விழுவதுதான் முதல் பாடம். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, மேல் முதுகு பரவலாகத் தரையில் படும்படி, இரண்டு கையாலும் மேடையை ஓங்கி அறைந்துகொண்டே விழ வேண்டும், தலை பின்னால் தொங்கினால் கழுத்து காலி. இதை ஒரே நாளில் திரும்பத் திரும்பச் செய்வார்கள். அப்புறம் பஞ்ச்: வருடக்கணக்காக இடுப்பிலிருந்து பலத்தைக் கொண்டுவந்து குத்தப் பழகியவர், எதிராளிக்கு வலிக்காமல், கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி குத்த வேண்டும். நல்ல பாக்ஸருக்கு இது சாதாரணக் கஷ்டமில்லை.

உங்கள் தம்பிக்கு ஏற்ற உதாரணம் மார்க் மேரோ. அமெரிக்காவின் பஃபலோ ஊர்க்காரர், அமெச்சூர் பாக்ஸர். தொண்ணூறுகளில் ஜானி பி. பேட் என்ற பெயரில் ரெஸ்லராகக் கொடிகட்டிப் பறந்தார், 1996-ல் டபிள்யூடபிள்யூஎஃப்பில் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ ரெஸ்லிங் நிறுவனம்) இன்டர்கான்டினென்டல் பட்டமும் வாங்கினார். அடுத்த வருடமே முழங்கால் காயம். திரும்பி வந்தபோது பாக்ஸர் வேஷத்தையே கட்டினார் (பழைய தொழில் வீண்போகவில்லை, பாருங்கள்). 2007-ல், இளவயதில் இறந்துபோன சக ரெஸ்லர்களின் பட்டியலோடு டிவியில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் பள்ளி பள்ளியாகப் போய் போதை, தற்கொலை, பெற்றோர் என்று பிள்ளைகளிடம் பேசுவதே அவர் வேலையாகிவிட்டது. ரெஸ்லிங்கால் வந்த பெயர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் காது கொடுத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆகவே போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். கற்றுக்கொடுப்பவர் எத்தனை மேட்ச் ஆடியிருக்கிறார், அவரிடம் கற்றவர்கள் இப்போது எங்கே ஆடுகிறார்கள் என்பதையும் தம்பியே நேரில் விசாரிக்கட்டும்.

இன்னொன்று. காலையில் பசங்களுக்கு பாக்ஸிங் சொல்லிக் கொடுக்கிறாரே, அதை நீங்கள் பொழுதுபோக்கு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம், அதாவது என்.ஐ.எஸ்., கோச்சிங்கில் டிப்ளமா தருகிறது, பாக்ஸிங்கும் உண்டு. ஆறு வார சர்டிபிகேட் படிப்பும் நடத்துகிறார்கள். தம்பி ரெஸ்லிங்குக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அட்மிஷன் அறிவிப்பு வருவதற்குள் மெடல் சர்டிபிகேட்டுகளை ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.